முதல் மேசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

முகவரி மாறி வந்த கடிதத்தை மனிதன் திருப்பிக் கொடுத்துவிடுவான். பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய பலகாரப் பெட்டி தன் வீட்டுக்கு வந்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் கொடுத்துவிடுவான். முகவரி மாறி வந்த மரியாதையை மட்டும் கொடுக்கவே மாட்டான். தனக்கு வரவேண்டியதுதான், கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அக்கா மகள் கல்யாணத்தில், செம்பாக்கா ரப்பர் தோட்டத்துத் திடலில், நாற்பத்தொரு குடும்பங்களை வைத்துச் சோதனை செய்து கண்டுபிடித்தேன். (சோதனை நடக்கிறது என்று எனக்கே தெரியாது. அது வேறு விஷயம்.)

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. புத்தி வரவேண்டிய வயது என்பார்கள். எனக்கு மடிக்கணினி வந்தது. கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன், இணையத்தில் பன்னிரண்டு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். முடிவில் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் மனைவி லலிதா தினமும் சாம்பிராணி காட்டும்போது, கை சரியாக முருகனோடு நின்றுவிடும். புகைகூட அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வாள்.

கற்றதைக் காட்ட எனக்கு ஒரு பலி தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துச் சரசு அக்காவின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

கவிதா சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளை சரவணன் அதே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவு. இவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை, அவனுக்கு அதைப் பார்க்கிற வேலை. அப்படியே பழக்கமாகிவிட்டது. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சிக்கல் என்னவென்றால், விசாரித்துப் பார்த்தபோது மாப்பிள்ளை வீடும் செம்பாக்கா தோட்டத்து வீடுதான். அதுவும் பெரியசாமி அண்ணனின் வீடு. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எங்கள் வீட்டுக்குப் பெருமை இல்லை.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சரசு அக்காவின் கல்யாணமும் இதே திடலில்தான் நடந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் பந்திக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கணக்கு எழுதுகிற ஆபீஸ் கிராணி வீடு, அப்புறம் வேலை வாங்குகிற மண்டோர்கள், அப்புறம் மற்றவர்கள். பெரியசாமி அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி வந்தவர் அவர்தான். பசியில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். இலை போட்டாகிவிட்டது, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. அப்போது பார்த்துக் கிராணி வீட்டார் வந்து சேர்ந்தார்கள். எங்கள் அப்பா போய், "பெரியசாமி, கொஞ்சம் எந்திரிக்கிறியா?" என்றார்.

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். பெண்டாட்டியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அப்பா இறந்தபோது வந்தார், பாடையைத் தூக்கினார், கொடுத்த காப்பியைத் தொடாமல் போனார்.

இப்போது பேச்சுவார்த்தைக்குப் போனபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைங்க ஆசப்பட்டுட்டாங்க. நான் வருவேன். சாப்பாட்டப் பத்தி அங்க வந்து பாக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. "டேய் மோகன், தாலி கட்டுறது அவங்க பாத்துக்குவாங்க. நாதஸ்வரம், மால, எல்லாம் நடந்திடும். அவரு நம்ம எலயில கை வைக்கணும்டா. அவரு கை வைக்காமப் போனா என் பொண்ணு அந்த வீட்டுல என்னைக்கும் அந்தக் கதையத்தான் கேட்டுக்கிட்டு இருப்பா."

அதனால் பந்தியே கிடையாது என்று முடிவு செய்தாள். பந்தி என்றால் முதல், இரண்டாவது என்று வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். திடலில் கூடாரம் போட்டு, முப்பத்திரண்டு வட்ட மேசைகள், மேசைக்குப் பத்து நாற்காலி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேசை எண், சின்னக் குடும்பங்கள் இரண்டு சேர்ந்து ஒரு மேசையில். மேடைக்கு நேர் எதிரே ஒன்றாம் எண் மேசை. அதில் பெரியசாமி அண்ணனும் அவர் மனைவியும், மாப்பிள்ளையின் பெற்றோரும், இன்னும் சில நெருங்கிய சொந்தமும்.

இதையெல்லாம் அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். நீல மையில், கோடு போட்டு, அழகாக. அதில் ஒரு தவறும் இல்லை. அந்த நோட்டை அப்படியே விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

"என்னக்கா, இந்தக் காலத்துல போயி நோட்டுல எழுதுறியே," என்றேன். "நான் சிஸ்டம் பண்ணித் தரேன். யாரு எந்த மேசைன்னு அவங்கவங்க ஹேண்ட்போனுக்கே மெசேஜ் போயிடும்."

"நோட்டு நல்லாத்தானேடா இருக்கு?"

"நோட்டு மெசேஜ் அனுப்புமா?"

அக்கா நோட்டை மூடினாள். பதில் லலிதாவிடம் இருந்தது. ஆனால் அவள் சான்றிதழைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி வருவது கொஞ்சம் தொழில்நுட்பம். பயப்படவேண்டாம், எனக்கே அவ்வளவாகப் புரியாத விஷயம்தான்.

கணினியில் மூன்று பட்டியல்கள் வைத்திருந்தேன். குடும்பங்கள், மேசைகள், விருந்தாளிகள். குடும்பமும் மேசையும் சொந்தக் காலில் நிற்பவை. விருந்தாளி அப்படி நிற்க முடியாது. ஒவ்வொரு விருந்தாளியின் பதிவுக்கும் ஒரு குடும்பம் வேண்டும், ஒரு மேசையும் வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்த இரண்டையும் பதிவின் பெற்றோர் என்பார்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப்போனால் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம், அந்த மாதிரி.

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. பெற்றோரில் ஒருவர் வழியாகப் பிள்ளைப் பதிவை உருவாக்கினால், அந்த ஒருவரின் பெயர் தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். நாம் தனியாக எழுதவேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்த வசதி. அதன்படி ஒவ்வொரு குடும்பத்தின் பக்கத்தையும் திறந்து, அதன் வழியாக விருந்தாளிகளைச் சேர்த்தேன். குடும்பம் அழகாக ஒட்டிக்கொண்டது. சேமி என்று அழுத்தினேன். "மேசை இல்லாமல் சேமிக்க முடியாது" என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

இந்தக் கதை முழுவதிலும் புத்தியோடு பேசிய ஒரே குரல் அதுதான். இரண்டு பெற்றோரையும் ஒரே நேரத்தில் கொடு என்று கேட்டது. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். அந்த வரி ஒன்பதாவது வாரப் பாடத்தில் இருந்தது. ஒன்பதாவது வாரம் எனக்குக் காய்ச்சல். (காய்ச்சல் இல்லை. தொலைக்காட்சியில் காற்பந்து.)

எனவே நான் கணினிக்கு ஒரு சமாதானம் சொன்னேன். மேசை எதுவும் கொடுக்காவிட்டால், ஒன்று என்று நீயே போட்டுக்கொள். சிவப்பு எழுத்து மறைந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உலகத்தில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற பாதி புரோகிராம்கள் இந்த நினைப்பின் மேல்தான் நிற்கின்றன என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆறுதலாக இருந்தது.

மாற்றுவதற்கும் ஒரு திரை செய்தேன். என் வாழ்நாள் சாதனை அது. முப்பத்திரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். குடும்பத்தின் பெயரைத் தொட்டு ஒரு வட்டத்தைத் தொட்டால் பெயர் போய் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். கீழே சேமி பொத்தான். அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு வரி: "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது."

அந்தப் பொத்தான் குடும்பத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும்தான் சேமித்தது. மேசை எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது திரையில் மட்டும் இருந்தது, குளத்தில் தெரிகிற நிலா மாதிரி. பச்சை வரியோ, சேமித்தாலும் வரும், சேமிக்காவிட்டாலும் வரும். பொத்தானை அழுத்தினால் வா என்றுதான் நான் அதற்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை ஒரு தடவை மூடித் திறந்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் மடிக்கணினியை மூடுவேனே தவிர, அந்தப் பக்கத்தை மூடியதில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அப்பாக்கள் நாற்பத்தொரு பேர். அம்மா ஒருத்தி, ஒன்றாம் எண் மேசை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாருக்கா," என்று ஒரு பொத்தானை அழுத்தினேன். நாற்பத்தொரு வீடுகளுக்கும் செய்தி போனது. "வணக்கம். கவிதா, சரவணன் திருமண விருந்தில் உங்கள் மேசை எண் 1. அன்புடன் வரவேற்கிறோம்." அக்காவுக்கு வந்ததில் ஒன்று. அது சரிதான், அவள் பெண்ணின் அம்மா. எனக்கு வந்ததிலும் ஒன்று.

இங்கேதான் நான் ஒப்புக்கொள்ளவேண்டிய விஷயம் இருக்கிறது. என் குடும்பத்தை நான் ஏழாம் எண் மேசையில் போட்டிருந்தேன். என் கையாலேயே போட்டது. (பணிவு. எல்லாரும் கவனிப்பார்கள் என்ற எண்ணத்தோடு கடைப்பிடித்த பணிவு.) செய்தியில் ஒன்று என்று வந்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஏதோ தவறு என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. அக்கா எனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறாள். என்ன இருந்தாலும் தாய்மாமன் அல்லவா! அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரம் முழுவதும் மனிதர்கள் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். ரெம்பாவிலிருந்து வேலு அண்ணன் போன் செய்தார். இருபது வருடமாக என்னை "டேய் ஸ்டோரு" என்று கூப்பிடுகிறவர். "தம்பி மோகன், மெசேஜ் கெடச்சுது பா. ரொம்ப சந்தோஷம். நான் யாருகிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத," என்றார். எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாமலேயே, "சரிண்ணே" என்றேன். பழைய மண்டோர் வீட்டு மாரியம்மா அக்கா, "உங்க வீட்டு ஆளுங்களுக்கு இப்பவாச்சும் மனுஷங்கள மதிக்கத் தெரிஞ்சுதே," என்று கண்கலங்கினார். பாப்பாத்தி அத்தை புதிதாக ஒரு பட்டுச்சேலை எடுத்திருப்பதாகத் தகவல் வந்தது.

ஒருவர்கூட, "மேசை ஒன்றா? எங்களுக்கா? சரியாகப் பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. நாற்பத்தொரு குடும்பம்!

"எல்லாருக்கும் என் சிஸ்டம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றேன் லலிதாவிடம்.

"ஆமாமா. எனக்கே பயமா இருக்கு," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டியாயிற்று. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளில் முக்கால்வாசி இடிந்து, சனமெல்லாம் மம்பாவுக்கும் ரெம்பாவுக்கும் போய்விட்ட பிறகும், அந்தக் கோவிலும் திடலும் மட்டும் அப்படியே இருக்கின்றன. பதினொன்றரைக்குக் கூட்டம் கோவிலிலிருந்து திடலை நோக்கி நகர்ந்தது. நான் கூடார வாசலில் மடிக்கணினியோடு நின்றேன். யாராவது வழி கேட்பார்கள், திரையைக் காட்டலாம் என்ற ஆசை.

யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் போகவேண்டிய இடம் தெரிந்திருந்தது. தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து ஒரு தனிப் புன்னகை செய்து, நேராக மேடையை நோக்கி நடந்தார்கள். முதலில் வந்த பாப்பாத்தி அத்தை குடும்பம் ஒன்றாம் மேசையில் உட்கார்ந்தது. வேலு அண்ணன் குடும்பம் மீதி நாற்காலிகளை நிரப்பியது. அடுத்து வந்தவர்கள் நின்றார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். பின்னால் முப்பத்தொரு மேசைகள் இலை போட்டுக் காத்துக்கொண்டிருந்தன, ஒரு ஈகூட இல்லாமல்.

"அண்ணே, இது எங்க மேசை."

"எங்க மேசைம்மா. மெசேஜ் இருக்கு."

"எங்களுக்கும்தான் இருக்கு. பாருங்க."

"எங்க காட்டு... அட, இதே மாதிரிதான் எனக்கும் வந்துச்சு!"

நாற்பது கைப்பேசிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. நான் மடிக்கணினியைத் திறந்தேன். வெயில் பட்டுத் திரை தெரியவில்லை. எதையோ தட்டினேன். அந்தப் பக்கம் இரண்டு வாரத்தில் முதல் முறையாக மூடித் திறந்தது. முப்பத்தொரு வட்டங்கள் வெறுமையாக இருந்தன. முதல் வட்டத்துக்குள் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, கறுப்பாக, தார் ஊற்றினதுபோல் ஒரு பிண்டம் தெரிந்தது.

அதன் கீழே பச்சை வரி: "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது."

சரசு அக்கா ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு ஒன்றாம் மேசைக்குப் போய், கைப்பைக்குள் கைவிட்டு அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். (எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறாள். என் மேல் வைத்திருந்த நம்பிக்கை!) "வேலு அண்ணே, உங்களுக்கு ஒன்பதாவது மேசைண்ணே. இங்க பாருங்க, எழுதியிருக்கு."

வேலு அண்ணன் நோட்டைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். "அது பழைய கணக்குமா. இது புதுசு. ஒரு வாரமா நான் ஒண்ணுன்னு இருக்கேன். இப்பப் போயி ஒன்பதுன்னா, ஊரு என்ன சொல்லும்?"

அவர் சொன்னது நியாயம்தான். ஒருவனை ஒன்பதாவது மேசையில் உட்காரவைக்கலாம். ஒன்றில் இருக்கிறவனை ஒன்பதுக்கு அனுப்ப முடியாது. நோட்டுக்கும் கணினிக்கும் நடந்த சண்டையாக இருந்தால் நோட்டே ஜெயித்திருக்கும். இது மரியாதைக்கும் நாற்காலிக்கும் நடந்த சண்டை. அதில் எந்தப் பட்டியலாலும் ஒன்றும் செய்யமுடியாது.

அப்போது கூட்டம் கொஞ்சம் விலகியது. பெரியசாமி அண்ணன் வந்தார்.

வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. பக்கத்தில் அவர் மனைவி. கைப்பேசியைப் பயணச்சீட்டைப்போல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். என் எதிரில் வந்து நின்றார்.

"தம்பி, இதுல ஒண்ணுன்னு போட்டிருக்கு. நாற்காலி எங்க?"

உண்மையாகவே ஒன்றாம் மேசைக்கு உரிய மனிதர் அந்தத் திடலில் நிற்க இடமில்லாமல் நின்றார். அக்கா என் முதுகுப்பக்கமாகச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அன்னைக்கு உக்காந்தவர எழுப்பிவிட்டோம். இன்னைக்கு உக்காரவே விடலையேடா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் ஏதாவது செய்யவேண்டும் என்று துடித்தேன். நல்ல மனிதர்கள் கெட்டது செய்வது இந்த மாதிரி நேரத்தில்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த வேலு அண்ணனின் தோளைத் தொட்டு, என்னால் முடிந்த அளவு பணிவோடு, "அண்ணே, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

நாதஸ்வரக்காரர்கூட அந்த நேரம் பார்த்து மூச்சு விட நிறுத்தியிருந்தார். பெரியசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் பயங்கரம். "ஒங்கப்பா கொரலு அப்படியே இருக்கு தம்பி," என்றார். மனைவியைப் பார்த்து, "வா, காடிக்குப் போவோம்," என்று கார்ப் பக்கம் திரும்பினார். அவர் தம்பி, மாப்பிள்ளையின் அப்பா, ஒரு அடி அவர் பின்னால் எடுத்துவைத்தார். மாப்பிள்ளை வீட்டுச் சனம் முழுவதும் எந்தப் பக்கம் நகர்வது என்று பார்த்துக்கொண்டு நின்றது.

மேடையிலிருந்து கவிதா இறங்கி வந்தாள். கழுத்தில் மாலை, இடுப்பில் ஒட்டியாணம். நடந்துவந்த வேகம் மட்டும் அவசரப் பிரிவு நர்சுடையது.

"என்ன மாமா?"

"விருந்தாளிக்கு ரெண்டு பேரண்ட்டும்மா. குடும்பம் சேவ் ஆயிடுச்சு, மேசை டீஃபால்ட்டா..."

"மாமா. தமிழ்ல."

"எல்லாருக்கும் மேசை ஒண்ணுன்னு போயிடுச்சு."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். நிரம்பிய ஒரு மேசை, காலியான முப்பத்தொன்று, கூடார வாசலைத் தாண்டிவிட்ட வெள்ளைச் சட்டை. "மெசேஜ திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாது."

"சரி. மார்க்கர் இருக்கா?"

சமையல்காரர் சாம்பார் வாளிகளில் பெயர் எழுத ஒரு தடித்த மார்க்கர் வைத்திருந்தார். அதை வாங்கினாள். பக்கத்திலிருந்த இரண்டாம் மேசையின் எண் அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பெரிதாக 1 என்று எழுதி வைத்தாள். மூன்றாம் மேசை. 1. நான்காம் மேசை. 1. அதற்குள் சரவணன் ஓடிவந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தான். கல்யாணமாகி மூன்று மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை, என் தரவைத் திருத்தமுடியாது என்று தெரிந்ததும் உலகத்தைத் திருத்தியது.

ஒலிபெருக்கியில் சரவணனின் நண்பன், என்ன நடக்கிறது என்று புரிந்தோ புரியாமலோ, "அன்பான உறவுகளே, எல்லாரும் மேசை எண் ஒன்றில் அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்!" என்றான்.

கூட்டம் பின்னால் திரும்பிப் பார்த்தது. எங்கு பார்த்தாலும் ஒன்று. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரியம்மா அக்கா முதலில் சிரித்தார். சிரித்தபடியே போய் ஒரு மேசையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், சனம் பரவியது. வேலு அண்ணன் மட்டும் இருந்த நாற்காலியை விடாமல் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இதுல ஒரிஜினல் ஒண்ணு எது?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கிறதுதாண்ணே."

(அன்றைக்கு இதே கேள்வியை இன்னும் ஆறு பேர் கேட்டார்கள். ஆறு பேருக்கும் இதே பதில்தான்.)

கவிதா அதற்குள் கூடாரத்தின் கடைசி மூலைக்குப் போயிருந்தாள். சமையல் கூடாரத்தை ஒட்டிய முப்பத்திரண்டாம் மேசை. பெரியசாமி அண்ணன் காரின் கதவைத் திறந்துவிட்டார். இவள் அட்டையை உயரத் தூக்கிப் பிடித்து, திடலே அதிரும்படி, "பெரிய மாமா! மேசை ஒண்ணு இங்க இருக்கு!" என்றாள்.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "ஒண்ணு அங்கல்ல இருந்துச்சு?"

"இங்கயும் இருக்கு."

"எத்தன ஒண்ணுமா வச்சிருக்கீங்க?"

"முப்பத்திரண்டு. ஒங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க."

அவர் கூடாரத்துக்குள் ஒரு பார்வை பார்த்தார். கிராணி வீட்டுப் பேரன் ஒரு ஒன்றில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து ஒன்றில், ஒருகாலத்தில் அந்தக் கிராணி வீட்டில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய கூலிக்குக் கணக்குக் கேட்டு நின்றவர்களின் பிள்ளைகள். எல்லா இலையிலும் ஒரே நேரத்தில் உப்பு வைத்துக்கொண்டு போனார்கள். பெரியசாமி அண்ணன் கதவைச் சாத்தினார். சாத்திய சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

நேராக வந்து கவிதா நின்ற மேசையில் உட்கார்ந்தார். "இதுதான் நல்ல எடம். அடுப்புக்குப் பக்கம். சுடச்சுட வரும்," என்று மனைவியிடம் சொன்னார். லாரிக்காரர் கணக்குத் தப்பவில்லை. பரிமாறுகிறவர்கள் சமையல் கூடாரத்திலிருந்துதான் கிளம்பினார்கள். ஒரிஜினல் ஒன்றில் இடத்தை விடாமல் பிடித்துவைத்திருந்த வேலு அண்ணனுக்குச் சாம்பார் போய்ச்சேரும்போது இவர் ரசத்துக்கு வந்துவிட்டார்.

அக்கா ஒரு கூடாரக் கம்பத்துக்குப் பின்னால் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பருப்பு, சாம்பார், ரசம் இரண்டு தடவை, பாயசம் இரண்டு தடவை. கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குதுடா," என்றாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கைகழுவுகிற இடத்தில் பெரியசாமி அண்ணன் என்னைப் பிடித்தார். "தம்பி, அந்த மெசேஜ அழிச்சிடாத. நானும் அழிக்க மாட்டேன். ஒங்கப்பா அனுப்பவேண்டியது. லேட்டா வந்திருக்கு." நான் தலையை ஆட்டினேன். தவறுதலாக வந்தது என்று சொல்ல நினைத்தேன். அக்காவின் நோட்டிலும் அவருக்கு ஒன்றுதான், அவருக்குப் போன செய்தியில் தவறே இல்லை என்று நினைவு வந்து, கை துடைக்கத் துண்டை எடுத்து நீட்டினேன்.

சான்றிதழ் இப்போது வரவேற்பறையில் இல்லை. அந்த ஆணியில் கல்யாணப் படம் ஒன்று தொங்குகிறது. மணமகள் சாம்பார் மார்க்கரோடு நிற்கிற படம். லலிதாவின் கை இப்போதெல்லாம் அதுவரை போய்த் திரும்புகிறது. எங்கள் சொந்தத்தில் அதற்குப் பிறகு நடந்த எந்த விருந்திலும் இரண்டாம் எண் மேசை என்று ஒன்று இருந்ததில்லை. எல்லா அட்டையிலும் ஒன்றுதான், வெளியாட்கள் வந்தால் மிரண்டுபோவார்கள். எனக்கும் பெயர் மாறிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நான் "மேசை மாமா". மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன் என்று ஒரு பிள்ளை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தது.

போன வருடம் கவிதாவுக்குப் பெண் பிறந்தது. பிறப்புப் பத்திரம் வாங்கிய அன்று பதிவு அலுவலக வாசலிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா பேரு, அம்மா பேரு, ரெண்டும் ஒரே நேரத்துல சேவ் ஆயிடுச்சு. ஒங்கள வரச்சொல்லாததுக்குக் கோவிச்சுக்காதீங்க. ரெண்டும் ஒழுங்கா சேவ் ஆகணும்னுதான் சொல்லல."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பச்சக் கலர்ல ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. கவுண்டர்ல இருந்த அம்மா, வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னாங்க. வாசிச்சுப் பாத்தோம்."

பின்னாலிருந்து பெரியசாமி அண்ணனின் குரல் கேட்டது. "மேசைகிட்ட சொல்லு, பேத்தி பேர எழுத நோட்டு போதும்னு."